பேஸ் கேட்குதா? தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் டர்பனில் ஜாஸ் படிக்கிறாள், டபுள் பேஸ் வாசிக்கிறாள், அந்த ஆள் உயர வயலின் மாதிரி வாத்தியம். சனி, ஞாயிறுகளில் என் அண்ணனுடைய பாட்டுக்குழுவோடு கல்யாண மண்டபங்களுக்கும் போகிறாள். பேஸை வாங்கும்போதே, அதன் அதிர்வை எடுத்து வயரில் அனுப்புகிற பிக்கப் ஒன்று அதில் பொருத்தியிருந்தது. ஆம்ப்ளிஃபையருக்கு ஆறாயிரம் ராண்டுக்கு மேல் என்னால் முடியாது. 300 வாட்டுக்குக் குறைந்து வாங்கினால் காசு வீண் என்று கடையில் சொல்கிறார்கள். எங்கள் கார் சின்னது; பேஸை ஏற்றினால் நான் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எதை வாங்கட்டும்?
— சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, அந்த 300 வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். நானும் அதை நம்பி முதுகு ஒடிந்தவன்தான்.

கல்யாணமான புதிதில், கடற்கரை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் வாரம் மூன்று இரவு வாசிக்கும் வேலை கிடைத்தது. பெரிய ஆம்ப் இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்து, பதினைந்து அங்குல ஸ்பீக்கரோடு ஒன்றைத் தவணையில் வாங்கினேன். தூக்க ரெண்டு ஆள் வேண்டும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. என் மச்சானும் நானும் அதைப் படியில் ஏற்றி முடிக்கும்போது இருவருக்கும் சட்டை நனைந்திருக்கும், கச்சேரி இன்னும் தொடங்கியிருக்காது. அத்தனை பாடுபட்டும் வால்யூம் திருகை மூன்றுக்கு மேல் ஒரு நாளும் நான் தொட்டதில்லை. நாலில் வைத்தால் பேஸ் ஊளையிடத் தொடங்கிவிடும். மீதி வாட்டெல்லாம் பெட்டிக்குள்ளேயே தூங்கியது. தவணை மட்டும் தூங்கவில்லை.

டபுள் பேஸுக்கும் எலக்ட்ரிக் பேஸுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். எலக்ட்ரிக் பேஸ் ஒரு கட்டை. ஸ்பீக்கர் சத்தம் அதை அசைக்காது. டபுள் பேஸ் ஆள் உயரப் பெட்டி; ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அதன் மேல்பலகையை ஆட்டும், அந்த ஆட்டத்தைப் பிக்கப் எடுக்கும், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். சுற்றிச் சுற்றி ஊளை. ஆகவே எவ்வளவு சத்தம் வைக்கலாம் என்பதை வாட் முடிவு செய்வதில்லை, ஊளைதான் முடிவு செய்கிறது.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 40 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போனால், ஸ்பீக்கர் அதேதான் என்றால், 9 டெசிபல்கூட முழுசாகக் கூடாது. கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரம் எப்படி வரும் என்று மகள் கேட்பாள். நியாயமான கேள்வி. பேஸின் அடித்தந்தி, ‘ஈ’ (E) என்கிற சுரம், 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. எட்டு அங்குல ஸ்பீக்கர் அதை அப்படியே தள்ளாது. ஆனால் அந்தச் சுரத்தோடு 82, 123 என்று மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன. மடங்குகளைக் கேட்டால் அடிச்சுரத்தைக் காது தானே போட்டுக்கொள்ளும். வீட்டு டெலிபோனை நினைத்துப் பாருங்கள். பழைய லைனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் போகாது. ஆண்பிள்ளைக் குரலின் அடி அதற்கும் கீழே இருக்கிறது. இருந்தும் அப்பா கூப்பிட்டால் அப்பா குரலாகத்தானே கேட்கிறது? நல்ல எட்டு அங்குலமோ பத்து அங்குலமோ மண்டபத்துக்குப் போதும்.

சரி, இப்போது கடையில் யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பிக்கப் என்று நீங்கள் எழுதவில்லை. ஆம்பைவிட அதுதான் முக்கியம். மகளை விட்டு குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் காலுக்கும் மேல்பலகைக்கும் நடுவில் செம்புத் தகடு மாதிரி ஒன்று நுழைந்திருந்தால் அது ரியலிஸ்ட் வகை. உயரம் கூட்டிக் குறைக்கிற சக்கரத்திலிருந்தே வயர் வந்தால் ஃபிஷ்மன் ஃபுல் சர்க்கிள் வகை. குதிரையின் பக்கவாட்டுப் பிளவில் சொருகியிருந்தால் கே அண்ட் கே பேஸ் மேக்ஸ் மாதிரி ஒன்று. மூன்றும் பீசோதான். அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுகிற சில்லு.

பீசோவுக்கு ஒரு குணம் உண்டு. அதனால் மிகமிகக் கொஞ்சம் மின்னோட்டம்தான் கொடுக்க முடியும். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டுகிற எதிர்ப்பு, ஓம் கணக்கில்) குறைவாக இருந்தால் முதலில் செத்துப்போவது தாழ்ந்த சுரங்கள். பிக்கப்பின் மின்தேக்கத் திறன் ஒரு நேனோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம் (இது பிக்கப்புக்குப் பிக்கப் மாறும்). ஆம்பில் ஒரு மெகாஓம் இருந்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரியத் தொடங்கும். பேஸின் நாலு திறந்த தந்திகளும் (விரல் வைத்து அழுத்தாமல் வாசித்தால்) 41-லிருந்து 98-க்குள் இருக்கின்றன. நாலுமே சரிவில் மாட்டிக்கொள்ளும்! அதே பிக்கப்பை பத்து மெகாஓம் இன்புட்டில் சொருகினால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், தந்திகள் பத்திரமாக மேலே நிற்கும். “பிக்கப் மட்டம், தகரம் மாதிரிக் கேட்குது” என்று விற்றுவிட்டவர்கள் பலர். பாதிப் பேருக்குப் பிக்கப்பில் குறை இருந்திருக்காது, சொருகின இடத்தில்தான் குறை.

அதனால் ஆறாயிரத்தையும் ஆம்புக்கே கொட்டாதீர்கள். ஒரு பகுதியை ப்ரீஆம்புக்கு, அதாவது பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் சொருகுகிற சின்னப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். எல்.ஆர். பேக்ஸின் பாரா அக்கூஸ்டிக் டிஐ என்ற பெட்டியை நான் பல வருஷமாக வைத்திருக்கிறேன். இன்புட் பத்து மெகாஓம். ஒன்பது வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்சரிலிருந்து மைக் வயர் வழியாகவே வரும் மின்சாரத்திலும் (ஃபேன்டம் பவர்) ஓடும். ஊளையிடும் சுரத்தை மட்டும் கிள்ளியெடுக்க நாட்ச் இருக்கிறது, ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்புகிற ஃபேஸ் ஸ்விட்சும் இருக்கிறது. பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். ப்ரீஆம்ப் நல்லதாக இருந்தால் ஆம்ப் சுமாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். தலைகீழாக வாங்கினால் பிழைக்க முடியாது.

ஆம்பில் நான் பார்ப்பது மூன்றுதான்: ஒரு கையில் தூக்க முடிகிறதா, மிக்சருக்குப் போக லைன் அவுட் இருக்கிறதா, ஒன்றும் வாசிக்காமல் நிற்கும்போது இரைச்சல் போடுகிறதா. ஃபெண்டர் ரம்பிள் 40 எட்டு கிலோ சொச்சம்தான், பத்து அங்குல ஸ்பீக்கர், பின்னால் மைக் வயர் சொருகுகிற எக்ஸ்.எல்.ஆர். வகை லைன் அவுட். டபுள் பேஸுக்கென்று செய்ததில்லை என்றாலும் ப்ரீஆம்ப் முன்னால் இருந்தால் ஒழுங்காக நடந்துகொள்கிறது. அதன் தம்பியான ரம்பிள் 25-இல் அந்த லைன் அவுட் கிடையாது, வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் சரி. கேலியன்-க்ரூகர் எம்.பி. 110 கிடைத்தால் அதுவும் நல்லது: 100 வாட், அதே பத்து அங்குலம். ஃபில் ஜோன்ஸின் டபுள் ஃபோர் இரண்டே நாலு அங்குல ஸ்பீக்கரோடு மடியில் வைக்கிற அளவில் இருக்கும். அதில் வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், வேறெங்காவது ஸ்பீக்கர் ஒளிந்திருக்கிறதா என்று. அக்கூஸ்டிக் இமேஜ், ஏ.இ.ஆர். கம்பெனிகளின் ஆம்புகள் இந்த மாதிரி மர வாத்தியங்களுக்காகவே யோசித்துச் செய்தவை, ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

மண்டபத்தில் உங்கள் அண்ணன் குழுவுக்கு மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருக்குமல்லவா? அப்படியானால் மகளுடைய ஆம்ப் மண்டபம் முழுக்கக் கேட்க வேண்டியதே இல்லை. லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர். ஆம்ப் அவளுக்கும் பக்கத்தில் இருக்கிற தபலாக்காரருக்கும் கேட்டால் போதும். அந்த வேலைக்கு 40 வாட்டே தாராளம்.

கடைக்குப் போகும்போது பேஸைத் தூக்கிக்கொண்டு போங்கள். கஷ்டம்தான், தெரியும். கடையில் தொங்கும் எலக்ட்ரிக் பேஸில் சோதித்துவிட்டு வாங்குவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலை அளந்து செருப்பு வாங்குவது மாதிரி. கச்சேரி அளவுக்கு வால்யூம் வைத்து, திறந்த ஏ தந்தியையும் ஜி தந்தியையும் மெதுவாக வாசித்து நிறுத்தாமல் ஒலிக்க விடச் சொல்லுங்கள். நீங்கள் அஞ்சாறு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். உங்கள் மகள் வாசிப்பு என்று காதுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம்.

லோட் ஷெடிங், அந்த முறைவைத்த கரண்ட் வெட்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மாதிரி இப்போது இல்லை என்றாலும் அந்தப் பயம் போகவில்லை. ரோலண்ட் மைக்ரோ க்யூப் பேஸ் ஆர்.எக்ஸ். ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். ஆனால் அது அஞ்சு வாட். வராந்தாவில் கிட்டாரோடு வாசிக்கலாம், தவில்காரர் பக்கத்தில் வாய்ப்பில்லை. இன்வர்ட்டரில் ஆம்ப் ஓட்டுவதாக இருந்தால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தருகிற ப்யூர் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். மலிவு இன்வர்ட்டரில் பல ஆம்புகள் தேனீக்கூடு மாதிரி ரீங்காரமிடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் தன்னுடைய பழைய பேஸ் ஆம்பைச் சும்மா தருகிறேன் என்கிறான். கப்பல் செலவு மட்டும் என்னுடையது. வாங்கிக்கொள்ளலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “100–240” என்று இருந்தால் வரட்டும், இங்கே நம் மூன்று உருண்டைக் கால் ப்ளக் உள்ள வயரை மாற்றினால் முடிந்தது. “120” மட்டும் இருந்தால் வேண்டாம். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குறைக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் தாங்குகிற அளவுக்கு வாங்கினால் ஆம்பளவு கனக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய ஆம்ப் என்றால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும்.

எனக்கு ஒருவர் அப்படி ஒன்றை விற்றார். “எல்லாம் மாற்றிவிட்டேன்” என்று சத்தியம் பண்ணினார். ப்ளக்கை மட்டும்தான் மாற்றியிருந்தார். மாப்பிள்ளை அழைப்பில் முதல் பாட்டுக்கே புகை. ஊதுபத்தி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை.

சும்மா கிடைப்பதாக இருந்தாலும் எல்லையில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT) கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: அங்கிள், ஏ தந்தியில் கை வைத்தாலே ஆம்ப் கூவுது. சார் வேறே ஆம்ப் வாங்கச் சொல்றாரு. வாங்கணுமா?
— ஃபீனிக்ஸ், வயது 17

பதில்: தம்பி, காசை வைத்துக்கொள். முதலில் ஆம்பை நகர்த்து. உனக்குப் பின்னால், சுவர் மூலையில், தரையில் வைத்திருக்கிறாய், சரியா? மூன்றும் தப்பு. மூலையும் தரையும் தாழ்ந்த சத்தத்தைப் பெருக்கும். பேஸுக்குள்ளே இருக்கிற காற்று அறுபது ஹெர்ட்ஸ் சொச்சத்தில் தானே அதிர விரும்பும். உன் ஏ தந்தி 55. ரெண்டும் கூட்டு சேர்ந்துவிட்டன. ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்று, உன் இடது பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளி வை, ஸ்பீக்கர் உன் காதைப் பார்க்கட்டும், பேஸின் வயிற்றைப் பார்க்க வேண்டாம். காதுக்குப் பக்கத்தில் இருந்தால் நீயே வால்யூமைக் குறைப்பாய்.

அப்புறம் ஆம்பில் “பேஸ்” என்று எழுதியிருக்கிற திருகு. பேஸ் வாசிக்கிறவன் அதைத்தான் முதலில் கூட்டுவான். நீ குறை. தாழ்ந்த சத்தத்தை மட்டும் வெட்டுகிற ஹை-பாஸ் வடிகட்டி இருந்தால் போடு. ஐம்பது அறுபதுக்குக் கீழே வெட்டினாலும் மண்டபத்தில் யாருக்கும் குறை தெரியாது, சுரம்தான் தெளிவாகும். ஃபேஸ் ஸ்விட்சை ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் அப்படியும் போட்டுப் பார். எந்தப் பக்கம் ஊளை குறைகிறதோ அந்தப் பக்கம். எது சரி என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, மண்டபத்துக்கு மண்டபம் மாறும். குதிரைக்குக் கீழே தந்திகள் சும்மா ஓடுகிற இடத்தில் ஒரு துணியைப் பின்னி விடு. இதற்கும் அடங்கவில்லை என்றால் எஃப் ஓட்டைகளை ஸ்பாஞ்சால் அடை. நான் என் மனைவியின் பழைய தலையணையை வெட்டியிருக்கிறேன். அவளுக்குத் தெரியும், இப்போது நாளிதழை எனக்கு முன்னால் படிக்கிறவளும் அவள்தான்.

இத்தனையும் செய்த பிறகும் கூவினால் எனக்கு எழுது. சார் சொன்னதைச் செய்வோம்.

கேள்வி: கோயில் விழாவில் பஜனைக் குழுவோடு ஒருவர் டபுள் பேஸ் வாசிக்க வருகிறார். அவருக்குத் தனியாக ஆம்ப் வேண்டுமா, எங்கள் மிக்சரிலேயே சொருகலாமா?
— டோங்காட், கோயில் கமிட்டி உறுப்பினர்

பதில்: நேரே சொருகாதீர்கள். மிக்சரின் லைன் இன்புட் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். மேலே சாட்ஸ்வர்த் அம்மாவுக்குப் போட்ட கணக்கை 50 ஆயிரம் ஓமில் போட்டால் சரிவு 3000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். பேஸ் கேட்காது, விரல் நகம் தந்தியில் கிளிக்கிடுவது மட்டும் கேட்கும். ப்ரீஆம்ப் கொண்டு வருகிறாரா என்று முன்னாலேயே கேளுங்கள். கொண்டு வந்தால் ஒரு மைக் வயரும் ஃபேன்டம் பவரும் கொடுங்கள், ஆம்பே வேண்டாம். கொண்டு வராவிட்டால் குதிரைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு நல்ல மைக். ஒரே ஒரு வேண்டுகோள்: அவரை உடுக்கைக்காரர்களுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வைக்காதீர்கள்.

கேள்வி: எழுபது வயது எனக்கு. எங்கள் காலத்தில் பேஸுக்கு ஆம்ப் ஏது? எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. உங்களைப் போன்றவர்கள்தான் வயரைச் சொருகிக் கெடுத்தீர்கள். என் அண்ணன் வாசித்த பேஸ் இன்னும் வீட்டில் நிற்கிறது, தந்தியெல்லாம் கழற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.
— வெருலம் வாசகர்

பதில்: அய்யா, திட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். அப்போது குடல் தந்தி, குதிரை உயரமாக இருக்கும், விரல் தோல் உரிய இழுப்பார்கள். கிட்டாருக்கும் ஆம்ப் கிடையாது. டிரம்ஸ்காரர் ப்ரஷ்ஷால் தடவுவார். இன்றைக்கும் டர்பனில் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கும்போது பேஸ்கள் வயரில்லாமலே கேட்கின்றன. ஆனால் அங்கே வரிசையாகப் பல பேஸ்கள் நிற்கின்றன, பக்கத்தில் கீபோர்டும் இல்லை.

மற்ற பாதியை மறுக்கிறேன். இந்த வயரைத் தொடங்கி வைத்ததே ஒரு பேஸ்காரர்தான், அதுவும் உங்கள் காலத்துக்கும் முன்னால். அமெரிக்காவில் எவரெட் ஹல் என்பவர், தன் பேஸ் கூட்டத்தில் கேட்கவில்லை என்று 1940-களில், பேஸ் தரையில் ஊன்றும் கம்பிக்குள் ஒரு மைக்கை வைத்துப் பெட்டிக்குள் நுழைத்தார். அந்த ஊன்றுகோலுக்கு ஆங்கிலத்தில் பெக், ஆம்ப்ளிஃபைட் பெக். அதுதான் சுருங்கி ஆம்பெக் என்ற கம்பெனிப் பெயரானது. இன்று எலக்ட்ரிக் பேஸ்காரர்கள் மேடை அதிர வைக்கிற அந்தப் பெட்டிகளின் பெயர் ஒரு டபுள் பேஸின் காலிலிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு தரும்.

அண்ணனுடைய பேஸ் விஷயம் அவசரம். தந்திகளை மொத்தமாகக் கழற்றாதீர்கள்! உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு குச்சி நிற்கிறது, ஒட்டாமல், தந்தியின் அழுத்தத்தில் மட்டும். எல்லாத் தந்தியும் போனால் அது விழுந்துவிடும், குதிரையும் சாயும். திரும்ப நிறுத்தத் தெரிந்த ஆள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒவ்வொரு தந்தியையும் ஒரு சுரம், இரண்டு சுரம் இறக்கி விடுங்கள், போதும். வெருலம் ஈரக் காற்றுக்கு ஓரங்களில் ஒட்டு விட்டிருக்கும். விரல் மடிப்பால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் சொத்தையாக மாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வெளிச்சுவரோரம் நிற்கிறதென்றால் உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். எத்தனை புள்ளி என்று எழுதுங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன் என்ன செய்யலாமென்று.